கையில் பிடித்து எடுக்கும் படங்கள் கூர்மையாக வராததற்குக் காரணம் லென்ஸா, கையா? (300 மி.மீ., நீலகிரி ஈப்பிடிப்பான்)

கோத்தகிரிக் காற்று
நவம்பர் 3, இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் பணியில் இருக்கிறேன். அலுவலகத்தின் பின்புறம் சோலை தொடங்கும் இடத்தில் பட்டுப்போன மரம் ஒன்று நிற்கிறது. அதில் மிஞ்சியிருக்கும் ஒரே கிளையில் தினமும் காலையில் நீலகிரி ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவை ஒன்று வந்து அமர்ந்து, பூச்சியைக் கண்டால் பாய்ந்து பிடித்துக்கொண்டு, மீண்டும் அதே இடத்துக்கே திரும்புகிறது. நான் நிற்கும் தடத்திலிருந்து ஏறக்குறைய 25 அடி தூரம்தான். இப்படி ஒரு வாய்ப்பு அமைந்தும், இரண்டு மாதங்களாக எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் இறகுகளைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்குக் கூர்மையான படம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

என்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (35 மி.மீ. படச்சுருளைவிடச் சிறிய சென்சார்) கேமராவும், அசைவைக் குறைக்கும் வசதி கொண்ட 70-300 லென்ஸும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவுக்கே இடம் இருப்பதாலும், தரை சரிவாக இருப்பதாலும் ட்ரைபாடை விரித்து வைக்க வழியில்லை. கையில் பிடித்துத்தான் எடுத்தாக வேண்டும். விலை கூடிய லென்ஸ் வாங்கினால் இது தீருமா என்பதே என் கேள்வி. மூன்று படங்களை முழு அளவில் இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

மலைரயில்
நவம்பர் 3, இரவு 9:40

படங்களோடு எடுத்த அளவுகளையும் கொடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஃபோகஸ் முறை ஆகிய நான்கையும் எழுதுங்கள்.

கோத்தகிரிக் காற்று
நவம்பர் 3, இரவு 9:55

மூன்றும் ஒரே அமைப்பில் எடுத்தவை: 300 மி.மீ., எஃப்/11, 1/80 நொடி, ஐஎஸ்ஓ 200. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விட்டிருந்தேன். அபர்ச்சரை எஃப்/11-இல் வைத்தால் லென்ஸ் மிகக் கூர்மையாக இருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னதால் அதை மாற்றவே இல்லை.

கேத்திப் பள்ளத்தாக்கு
நவம்பர் 4, காலை 6:20

மூன்று படங்களையும் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். மூன்றும் மங்கல்தான், ஆனால் மூன்றும் வெவ்வேறு மங்கல். இதைப் பிரித்துப் பார்க்காமல் லென்ஸை மாற்றினால் பணம்தான் போகும்.

முதல் படத்தில் பறவைக்குப் பக்கத்தில் ஒரு சிலந்தி வலை இருக்கிறது, அதில் பனித்துளிகள் கோத்திருக்கின்றன. ஒவ்வொரு துளியிலும் மின்னும் ஒளி புள்ளியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அத்தனை துளிகளும் மேலிருந்து கீழாக, ஒரே நீளத்தில், சீரக சம்பா அரிசியை நிறுத்தி வைத்ததுபோல் நீண்டிருக்கின்றன. படத்தின் எல்லா மூலைகளிலும் ஒரே திசையில் கோடு விழுந்தால் அது கேமராவின் அசைவு. மேலும் கீழுமாக விழுந்திருப்பதால், பொத்தானை அழுத்தும் விரல் கேமராவைத் தலைகுனிய வைக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது படம் வேறு கதை. கிளையில் படர்ந்திருக்கும் மரப்பாசியின் ஓரச் சுருள்கூடத் தெளிவாகத் தெரிகிறது, பறவையின் கால் நகம் தெரிகிறது, தலை மட்டும் கலைந்திருக்கிறது. இங்கே உங்கள் கை அசையவில்லை, பறவைதான் தலையைத் திருப்பியிருக்கிறது. மூன்றாவதில் பறவைக்கு ஓரடி பின்னால் உள்ள இலையின் நரம்புகள் அச்சடித்தாற்போல் இருக்கின்றன. கேமரா பறவையை விட்டுவிட்டு இலையைப் பிடித்துக்கொண்டது. ஆக, உங்கள் லென்ஸ் கூர்மையான லென்ஸ் என்பதற்கு அந்த இலையும் மரப்பாசியுமே சாட்சி.

கை அசைவைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ., அதில் குறுக்கே 6000 பிக்சல்கள். 300 மி.மீ. லென்ஸ் அந்த அகலத்தில் காண்பது நாலரை டிகிரி மட்டுமே என்பதால், ஒரு டிகிரிக்கு 1300 பிக்சல்களுக்கு மேல் வருகின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கேமரா ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு திரும்பினால்கூடப் படம் 13 பிக்சல் தூரம் இழுபட்டுவிடும். அதே நடுக்கம் 18 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சலைக்கூடத் தாண்டாது. உறவினர் வீட்டுத் திருமணத்தில் 18 மி.மீ.-இல் அழகாகப் படமெடுத்த கை, சோலை ஓரத்தில் 300 மி.மீ.-இல் தோற்பதற்கு இதுதான் காரணம், கை கெட்டுப்போய்விடவில்லை.

குவியத் தொலைவு எத்தனை மி.மீ.-ஓ அத்தனையில் ஒரு பங்கு நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும் என்ற பழைய விதி, 35 மி.மீ. படச்சுருள் காலத்தில் அளவான அச்சுப் படங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. கிராப் சென்சாருக்கு அதை 1.5-ஆல் பெருக்கினால் 1/450 வருகிறது. திரையில் முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் அதற்கும் மேலே போக வேண்டும். நீங்கள் நின்றது 1/80-இல்.

பழைய படச்சுருள்
நவம்பர் 4, முற்பகல் 11:05

தம்பி, கேத்தி நண்பர் நோயை நன்றாகப் பிரித்துச் சொல்லிவிட்டார். ஊட்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டூடியோ நடத்தியவன் என்ற முறையில், முதல் படத்தின் மங்கலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

1960-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை எங்கள் ஊரில் இருந்ததால் 'இந்து' படச்சுருள் எங்களுக்குக் கைக்கெட்டும் பொருளாக இருந்தது. ஆனால் சுருளைப் போட்டு மூடிவிட்டால் 36 படங்கள் முடியும்வரை ஒரே ஏஎஸ்ஏதான் (இன்றைய ஐஎஸ்ஓவின் பழைய பெயர்); வெளிச்சம் குறைந்தால் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் கையைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டோம், அந்தப் பாடம் இன்றைக்கும் செல்லும்.

இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் தாங்கலாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் விரல்களால் பற்றினால் லென்ஸின் எடை மணிக்கட்டில் தொங்கும், நடுக்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது. முழங்கைகள் இரண்டும் விலா எலும்பில் ஒட்டியிருக்கட்டும். இடது காலைச் சற்று முன்னே வைத்து, வியூஃபைண்டரைப் புருவத்தோடு அழுந்த வையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்காதீர்கள், அடக்கிய மூச்சு சில நொடிகளிலேயே நெஞ்சைப் படபடக்க வைக்கும். பாதி வெளியே விட்டு, அந்த இடைவெளியில் பொத்தானை அழுத்துங்கள். அதையும் விரல் நுனியால் குத்தக் கூடாது. விரலைப் பொத்தானின் மேல் படுக்க வைத்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும்போது விரல் எப்படி உருளுமோ அப்படி உருட்டி அழுத்த வேண்டும். உங்கள் பனித்துளிகள் நெட்டுக்குத்தாக நீண்டிருப்பது இந்தக் குத்தலால்தான்.

மலையில் வாழ்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. சரிவேறி வந்தவுடன் படமெடுக்கக் கூடாது. நாடித் துடிப்பு லென்ஸின் நுனி வரைக்கும் போகும். இரண்டு மூன்று நிமிடம் நின்று மூச்சு அடங்கிய பிறகு கேமராவைத் தூக்குங்கள். 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் தை மாதக் குளிரில் கை விறைத்துப்போய் நான் கெடுத்த படங்கள் ஏராளம். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை அங்கே நல்ல உதவி.

ட்ரைபாட் விரிக்க இடமில்லை என்கிறீர்கள். கேமராவின் அடியில் உள்ள துளைக்குப் பொருந்தும் கால் அங்குலத் திருகு ஒன்றை வாங்கி, அதில் உங்கள் உயரத்துக்குச் சணல் கயிறு கட்டுங்கள். கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி விறைப்பாக இழுத்துப் பிடித்தால், மேலும் கீழுமான ஆட்டம் கண்கூடாகக் குறையும். சட்டைப் பையில் அடங்கும் பொருள்தான்.

ஐஎஸ்ஓவை மட்டும் 400-க்கு மேல் ஏற்றாதீர்கள் என்பது என் கருத்து. மணல்மணலாகப் படம் வந்தால் இறகின் நுணுக்கம் எல்லாம் போய்விடும்.

சோலைப்பறவை
நவம்பர் 4, இரவு 8:30

ஐயா சொன்ன நிற்கும் முறை அத்தனையும் பொன்னானது, கயிற்றை நானும் செய்து பார்க்கப்போகிறேன். ஆனால் ஐஎஸ்ஓ விஷயத்தில் மரியாதையோடு மாறுபடுகிறேன். குன்னூரில் சிம்ஸ் பூங்காவிலும் லாம்ப்ஸ் ராக் பாதையிலும் பறவைகளை எடுத்துப் பழகிய அனுபவத்தில் சொல்கிறேன்: நாய்ஸ் (மணல்போன்ற புள்ளிகள்) உள்ள படத்தைக் கணினியில் ஓரளவு தேற்றிவிடலாம், இழுபட்ட படத்தைத் தேற்ற முடியாது. இன்றைய சென்சாரில் ஐஎஸ்ஓ 800-உம் 1600-உம் அஞ்ச வேண்டிய எண்கள் அல்ல.

தம்பியின் எண்களையே எடுத்துக்கொள்வோம். எஃப்/11, ஐஎஸ்ஓ 200, 1/80. அபர்ச்சரை எஃப்/8-க்குத் திறந்தால் 1/160 கிடைக்கிறது. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் 1/320. 800 ஆக்கினால் 1/640. படத்தின் வெளிச்சம் அதேதான், ஆனால் ஷட்டர் எட்டு மடங்கு விரைவாக மூடுகிறது. எஃப்/11-இல் இந்தச் சென்சாரில் துளையின் விளிம்பில் ஒளி சிதறிப் படத்தை மங்கலாக்கத் தொடங்கிவிடுவதால் எஃப்/8-க்கு வருவதில் கூர்மை குறையவும் போவதில்லை. கேமராவில் தானியங்கி ஐஎஸ்ஓ இருந்தால், குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/640 என்றும், ஐஎஸ்ஓ உச்சத்தை 1600 என்றும் வரையறுத்துவிடுங்கள். மஞ்சு (மலை மூடுபனி) வந்து மூடும்போதும் விலகும்போதும் நீங்கள் எண்களோடு போராட வேண்டியதில்லை.

மூன்றாவது படத்துக்கு வருகிறேன். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவிடம் விடாதீர்கள், நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பறவையின் கண்ணில் வையுங்கள். மஞ்சு சூழ்ந்த நேரத்தில் கருமைக்கும் வெண்மைக்கும் இடையிலான வேறுபாடு மங்கிவிடுவதால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து தேடும். அப்போது பறவை அமர்ந்திருக்கும் கிளையின் விளிம்பில், அதே தூரத்தில் ஃபோகஸைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பிறகு பறவைக்கு வாருங்கள். இந்தப் பறவை அதே கிளைக்குத் திரும்பும் பழக்கம் உள்ளது என்பது உங்களுக்கு வரம். அது பறந்துபோன நேரத்திலேயே கிளையின் மேல் ஃபோகஸை அமைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

பழைய படச்சுருள்
நவம்பர் 4, இரவு 9:50

அம்மா, மறுப்பை எண்களோடு சொன்னீர்கள், மகிழ்ச்சி. நாளைக்கு மகனுடைய கேமராவில் 1600 வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வெலிங்டன்வாசி
நவம்பர் 5, காலை 7:15

இந்தப் பேச்சுக்குள் ஒரு சிறு எச்சரிக்கை. மழைக்காலம் முழுதும் பையிலேயே இருந்த லென்ஸ் என்றால் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருட்டறையில் லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி நூல்போல் கண்ணாடிக்குள் படர்ந்திருப்பது தெரியும். இரண்டு வருடம் என் படங்கள் எல்லாமே பால் தெளித்ததுபோல் இருந்ததற்கு என் கையைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தேன், காரணம் பூஞ்சையாக இருந்தது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் மலையில் லென்ஸ் பிழைக்கும். குளிரில் எடுத்துவிட்டு வீட்டுக்குள் வரும்போது கேமராவை பிளாஸ்டிக் பையில் கட்டியபின் கொண்டுவாருங்கள். நீர்த்துளி பைக்கு வெளியே படியும்.

மலைரயில்
நவம்பர் 5, பிற்பகல் 2:10

கையில் பிடித்து எடுப்பதில் எனக்குத் தெரிந்த களம் மேட்டுப்பாளையம்-ஊட்டி ரயில். ஈப்பிடிப்பானுக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும், சாய்ந்துகொள்வது பற்றி அதில் கற்றது இங்கே பொருந்தும்.

ஏறக்குறைய 46 கி.மீ. பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சக்கரத் தண்டவாளம். ஏற்றம் 12.5 அடிக்கு ஓர் அடி. நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதால், வளைவுகளில் சன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தால் எஞ்சினையும் புகையையும் முழுதாக எடுக்கலாம். வண்டி மெதுவாகப் போகிறதே என்று எல்லோரும் 1/60-இல் எடுக்கிறார்கள். சன்னல் சட்டத்தில் கேமராவையோ முழங்கையையோ ஊன்றிக்கொள்கிறார்கள். பற்சக்கரம் கடிக்கும் அதிர்வு முழுவதும் அந்தச் சட்டம் வழியாக லென்ஸுக்குள் போய்விடுகிறது. நான் இருக்கையில் முதுகைச் சாய்க்காமல் அமர்ந்து, கைகளை உடலோடு மட்டும் ஒட்டிக்கொண்டு, 1/500-க்குக் குறையாமல் எடுக்கிறேன். உடம்பின் சதை அதிர்வை வாங்கிக்கொள்கிறது.

ஆகையால் எதன் மேல் சாய்கிறோம் என்று பார்த்துச் சாய வேண்டும். கற்பூர மரத்தின் அடித்தண்டில் தோளைச் சாய்க்கலாம், கிடைத்தால் மிக நல்லது. காற்றில் ஆடும் மெல்லிய மரத்திலோ, தோட்டத்து லாரி உறுமிக்கொண்டு நிற்கும்போது அதன் மேலோ ஊன்றக் கூடாது. கைப்பிடிச் சுவர் கிடைத்தால், ஒரு கிலோ காய்ந்த பட்டாணியைத் துணிப்பையில் தைத்து அதன்மேல் லென்ஸை வைத்துப் பாருங்கள், ட்ரைபாட் தோற்கும்.

கோத்தகிரிக் காற்று
நவம்பர் 8, இரவு 9:30

அனைவருக்கும் நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன், லென்ஸில் பூஞ்சை இல்லை. பறவையிடம் போவதற்கு முன் நீங்கள் சொன்னவற்றைச் சோதித்துப் பார்க்க நினைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் இன்றைக்கே இலைக் கிடங்கின் சுவரில் தினசரித் தாள் ஒன்றை ஒட்டி, அதே 25 அடியில் நின்று, ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் பத்துப் படங்கள் எடுத்தேன்.

அசைவுக் குறைப்பை அணைத்துவிட்டு 1/80-இல் எடுத்த பத்தில் தலைப்புச் செய்தியைத் தவிர எதையும் படிக்க முடியவில்லை. 1/640-இல் இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் வரி விளம்பரத்தின் ஒற்றெழுத்துப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. என்னை யோசிக்க வைத்தது அடுத்து நடந்ததுதான். அசைவுக் குறைப்பை இயக்கி, 1/80-இல் பொத்தானை ஒரே மூச்சில் அழுத்தியபோது படம் கெட்டது. பாதி அழுத்தி அரை நொடி நிறுத்தி, வியூஃபைண்டரில் காட்சி நிலைகொண்டதைக் கண்டபின் மீதியை உருட்டி அழுத்தியபோது, பெரும்பாலான படங்களில் எழுத்துகள் படிக்கும்படி வந்தன. இத்தனை நாளும் அந்த வசதிக்கு வேலை செய்ய நான் நேரமே கொடுக்கவில்லை.

அப்படியென்றால் 1/80-ஐயே வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவைக் குறைவாகவே வைத்து, ஐயா சொன்னபடி எடுக்கலாமா?

கேத்திப் பள்ளத்தாக்கு
நவம்பர் 8, இரவு 10:05

தினசரித் தாளுக்கு எடுக்கலாம். அது தலையைத் திருப்பாது. உங்கள் இரண்டாவது படத்தை மறுபடி பாருங்கள். அசைவைக் குறைக்கும் வசதி உங்கள் கையின் அசைவை மட்டுமே ஈடுகட்டும், பறவையின் அசைவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் நேரத்தை இரு மடங்காக்கும்) உதவும் என்று பெட்டியில் எழுதியிருந்தால், 1/500 தேவைப்படும் இடத்தில் 1/30 போதும் என்பது பாறைக்கும் கட்டடத்துக்கும்தான் பொருந்தும்.

பழைய படச்சுருள்
நவம்பர் 9, காலை 8:00

மகனின் கேமராவில் ஐஎஸ்ஓ 1600-இல் வீட்டுக்குப் பின்னால் வரும் கொண்டைக்குருவியை எடுத்து, 10 அங்குல அகலத்தில் அச்சிட்டுப் பார்த்துவிட்டேன். திரையில் கண்ணை உறுத்திய மணல், தாளில் கை நீட்டும் தூரத்தில் தெரியவில்லை. நான் 400 என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தம்பி, 1/640 வையுங்கள், ஆனால் வேகம் வந்துவிட்டதென்று முழங்கையை விரித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

சோலைப்பறவை
நவம்பர் 9, காலை 8:25

ஐயாவுக்கு நன்றி. தம்பிக்கு இன்னும் ஒன்று: மூன்று நான்கு படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். பொத்தானை அழுத்தும் அசைவு முதல் படத்தில் விழும், விடும் அசைவு கடைசியில் விழும், நடுவில் உள்ளவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கோத்தகிரிக் காற்று
நவம்பர் 12, இரவு 8:45

மூன்று நாள் மழைக்குப் பிறகு இன்று காலை எட்டு மணிக்கு மஞ்சு விலகியது. எஃப்/8, ஐஎஸ்ஓ 800, 1/640. தடத்தில் ஏறிப்போய் மூன்று நிமிடம் சும்மா நின்றேன். பறவை கிளையை விட்டுப் போன நேரத்தில் மரப்பாசியின் மேல் ஃபோகஸை அமைத்துக்கொண்டு, கயிற்றை மிதித்து விறைப்பாக்கி, முழங்கைகளை ஒட்டிக்கொண்டு காத்திருந்தேன். வந்து அமர்ந்ததும் நடுப்புள்ளியைக் கண்ணுக்குக் கொண்டுபோய் நான்கு படங்கள் எடுத்தேன். மூன்றாவது படத்தை இணைத்திருக்கிறேன்.

அலகு முகத்தோடு சேரும் இடத்தில் பூனை மீசைபோல் சில மயிர்கள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த பறவைக்கு அப்படி ஒன்று இருப்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது. கருநீல நெற்றியில் இறகுகளை எண்ணலாம். வால் நுனி மட்டும் கலைந்திருக்கிறது. அந்த நொடியில் அது வாலை ஆட்டியிருக்க வேண்டும்.

சோலைப்பறவை
நவம்பர் 12, இரவு 9:10

அந்த மயிர்கள் ஈப்பிடிப்பான்களிடம் காணும் அழகு, அவை தெரியும்படி எடுத்துவிட்டீர்கள். வால் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 1600-க்குப் போய் 1/1250 வைத்துப் பாருங்கள், வெளிச்சக் கணக்கு அதேதான்.

உங்கள் சோலைக்குள்ளே கீழ்ப்புதரில் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானும் இருக்கும். அங்கே இருட்டு அதிகம், எஃப்/6.3-உம் ஐஎஸ்ஓ 3200-உம் வைத்தாலும் 1/60 கிடைத்தால் பெரிது. ஆனால் அது ஒரே இடத்தில் அசையாமல் சிறிது நேரம் அமரும் பறவை. தினசரித் தாளில் பழகிய அந்த அரை நொடி நிறுத்தம் அங்கேதான் உதவும். தரையில் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு எடுங்கள். அட்டைப்பூச்சிக்கு உப்புத் துணி கட்டிக்கொண்டு போங்கள்.